கிராப்புச் சேவல் வாங்கும் முன் கழுத்தைப் பாருங்க!

காரவள்ளியில் வெயில் மண்டையைப் பிளக்கும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் செம்மேடு போனால் காற்று சில்லென்று அடிக்கும். நமக்கே சட்டை மாற்றத் தோணும், கோழிக்குத் தோணாதா?

கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக் கோழியை நமக்கெல்லாம் தெரியும். கழுகுக் கோழின்னும் சொல்வாங்க. கழுத்தில் மட்டுமல்ல, அதற்கு உடம்பு முழுக்கவே இறகு குறைவு. உடல் சூடு சுலபமாக வெளியேறும். அதனால் கோடையிலும் தீனி எடுக்கும், எடையும் கூடும். அடிவாரத்துக்கு அருமையான கோழி. மலை மேலே குளிர் இரவில் அதே குறை பாதகம். உடம்பைச் சூடாக வைக்கவே தீனி செலவாகிவிடும்.

சரி, கிராப்புச் சேவலை நம்ம நாட்டுக் கோழிகளோடு விட்டால் குஞ்சு எப்படி வரும்?

அந்திமந்தாரைக் கணக்கு

சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் சேர்த்தால் இளஞ்சிவப்புப் பூ வரும். ஜெர்மன் அறிஞர் காரென்ஸ் நூறு வருஷத்துக்கு முன்பே ஆராய்ந்த சங்கதி இது. ஒரு குணம் இன்னொன்றை முழுசாக அமுக்காமல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதை 'முழுமையற்ற ஓங்குதன்மை' என்கிறார்கள்.

கிராப்புக் கோழியின் இறகும் இப்படித்தான். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணு. இரண்டும் கிராப்பு என்றால் சுமார் 40 சதவீத இறகு குறையும். இது முழுக் கிராப்பு. ஒன்று மட்டும் என்றால் குறைவு அதில் பாதி அளவுக்குக் கொஞ்சம் மேலே. இது அரைக் கிராப்பு.

அடையாளம் சுலபம். முன்கழுத்தில், தீனிப்பைக்குச் சற்று மேலே கொத்தாக இறகு நின்றால் அரைக் கிராப்பு. கொத்து இல்லாமல், அல்லது ஓரிரு இறகு மட்டும் இருந்தால் முழுக் கிராப்பு.

எதோடு எது சேர்ந்தால்?

- முழுக் கிராப்பு + சாதாரணக் கோழி: எல்லாக் குஞ்சும் அரைக் கிராப்பு.
- அரைக் கிராப்பு + சாதாரணக் கோழி: பாதி அரைக் கிராப்பு, பாதி சாதாரணம்.
- அரைக் கிராப்பு + முழுக் கிராப்பு: பாதி முழு, பாதி அரை.
- அரைக் கிராப்பு + அரைக் கிராப்பு: கால் பங்கு முழு, அரைப் பங்கு அரை, கால் பங்கு சாதாரணம்.

ஒரு அடையில் 12 குஞ்சு பொரித்தால் அச்சடித்த மாதிரி 3, 6, 3 வராது. நாலைந்து அடையைச் சேர்த்து எண்ணினால் கணக்கு நெருங்கி வரும்.

சேவல் மேல் சந்தேகமா? சாதாரணக் கோழிகளோடு விட்டுப் பாருங்க. ஒரே ஒரு குஞ்சு மூடிய கழுத்தோடு வந்தாலும் அது அரைக் கிராப்பு. பத்தும் மொட்டைக் கழுத்தாக வந்தால் முழுக் கிராப்பு என்று நம்பலாம். அரைக் கிராப்புச் சேவலுக்கு அப்படி அமைய 1,024-இல் ஒரு வாய்ப்புதான்.

எங்கே ஏமாறுகிறோம்?

அரைக் கிராப்பு நல்லா இருக்கேன்னு அதையே சேவலும் பெட்டையுமாக நிறுத்தி, மற்றதை விற்றுவிடுகிறோம். அடுத்த தலைமுறையில் மூணு விதமும் வந்து நிற்கும். அரைக் கிராப்பை எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் அது தனி இனமாக நிலைக்காது.

அதனால் அடிவாரத்துக்காரங்க ஒரு முழுக் கிராப்புச் சேவலையும் இறகு நிறைந்த பெட்டைகளையும் வைத்திருந்தால் போதும், ஒவ்வொரு அடையிலும் அரைக் கிராப்பு கிடைக்கும். அந்தப் பெட்டைகளுக்கு வாரிசு வேணும்னா, தனியாக ஒரு சாதாரணச் சேவலோடு சேர்க்கணும். மலை மேலே இருப்பவங்க இறகு நிறைந்த கோழியைக் கைவிட வேண்டாம். அந்த இனம் இருக்கும் வரைதான் இந்தக் கணக்கும் நம்ம கையில் இருக்கும்.