விட்டமின் மாத்திரை மறதி நோயைத் தடுக்குமா?

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் நம் பிள்ளைகளின் பெட்டியில் அத்தர், பேரீச்சம்பழத்தோடு இப்போது விட்டமின் டப்பாவும் இருக்கிறது. "அத்தாவுக்கு மறதி அதிகமாகி விட்டது, தினமும் ஒன்று கொடுங்கள்" என்கிறார்கள். நேமத்தான்பட்டி போன்ற ஊர்களில் பெரியவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் வெளிநாட்டிலும் இருப்பதால், அன்பைக் காட்ட மாத்திரை ஒரு வழியாகி விட்டது. அது பயன் தருகிறதா என்பதை நாம் கேட்பதில்லை.

முதலில் ஒன்று. தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று தடுமாறுவது எல்லோருக்கும் நடக்கும்; அதற்குத்தான் ஸஜ்தா ஸஹ்வு இருக்கிறது. பல வருடம் போய்வந்த பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதுதான் கவலைப்பட வேண்டிய மறதி. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அப்போது உண்டாகும் கழிவுப் பொருட்கள் மூளை செல்களைச் சேதப்படுத்துகின்றன. விட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் இதைத் தடுக்கும் என்று நம்பினார்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் 60 வயதுக்கு மேற்பட்ட 7,540 ஆண்களுக்கு விட்டமின் ஈ, செலினியம், இரண்டும் சேர்த்து, அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பல வருடம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2017-ல் சொன்ன முடிவு: நான்கு பிரிவுகளிலும் டிமென்ஷியா வந்தவர்களின் அளவில் வித்தியாசம் இல்லை.

ஏற்கனவே அல்சைமர் வந்தவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் அதிக அளவு விட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு உடுப்பது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளில் ஏற்படும் தளர்ச்சி சற்று மெதுவானது. நினைவாற்றல் திரும்பவில்லை.

'விட்டமின்தானே, என்ன கெடுதல்?' என்பார்கள். தினமும் 400 யூனிட் விட்டமின் ஈ சாப்பிட்ட ஆண்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் காணப்பட்டதாக 2011-ல் தெரிய வந்தது. நம் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கிடைப்பதும் அதே 400தான். வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

உண்மையில் பார்க்க வேண்டிய விட்டமின் பி12. அது குறைந்தாலும் மறதி வரும். சரி செய்யவும் முடியும். சர்க்கரைக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு இது குறைய வாய்ப்பு அதிகம். தைராய்டையும் சேர்த்து ஒரு இரத்தப் பரிசோதனையில் பார்த்து விடலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை ஆகியவையும் டிமென்ஷியாவுக்கு வழி வகுப்பவை. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருகின்றன. காது மிஷின் வாங்கத்தான் நம் வீடுகளில் தயக்கம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வெளிநாட்டு டப்பாவையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.