சுவிங்கத்தின் சுவை எங்கே போகிறது?

கடையிலிருந்து திரும்பும் உங்கள் பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? வாயில் சுவிங்கத்தை அசைபோட்டபடியே வருவான். "இதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். பால்மரம் சீவிப் பழகிய கைகளுக்கு அந்த இரகசியம் எளிதில் விளங்கும்.

நாம் விரும்பித் தின்னும் சிக்கு பழத்தின் மரம் மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் வளர்கிறது. அங்குள்ள தொழிலாளர்கள் கயிறு கட்டி மரமேறி, பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுத்தார்கள். அதைக் காய்ச்சிக் கட்டியாக்கினால் 'சிக்கிள்'. நியூயார்க்கில் தாமஸ் ஆடம்ஸ் என்பவர் அதை ரப்பராக்கப் பார்த்தார்; முடியவில்லை. மெல்லும் பண்டமாக்கினார், விற்பனை பெருகியது! 1871ஆம் ஆண்டில் சுவிங்கம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னாளில் நம் காட்டு ஜெலுத்தோங் மரத்தின் பாலும் சுவிங்கத்துக்காகக் கப்பலேறியது. இன்று பெரும்பாலும் செயற்கைப் பிசின்களே சேர்க்கப்படுகின்றன.

இந்தப் பிசின் தண்ணீரில் கரையாது. அதனால்தான் எவ்வளவு மென்றாலும் அப்படியே இருக்கிறது. சீனியோ சில நிமிடங்களில் உமிழ்நீரில் கரைந்துவிடும். "சுவை போய்விட்டது" என்று துப்பிவிடுகிறோம். உண்மையில் புதினா எண்ணெய் இன்னும் நிறையவே பிசினில் தங்கியிருக்கும்! இனிப்பை அறிவது நாக்கு. மணத்தை அறிவது மூக்கு. இரண்டும் சேர்ந்ததைத்தான் மூளை சுவையாக உணர்கிறது. இனிப்பு குறைந்தால் மணமும் குறைந்ததுபோல் தோன்றும். நீங்களே சோதித்துப் பாருங்கள்: சப்பென்று ஆன சுவிங்கத்தோடு ஒரு சிட்டிகை சீனியை வாயில் போடுங்கள். புதினா மீண்டும் மணக்கும்!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தெரியாமல் ஒன்றை விழுங்கிவிட்டால் அது குடலில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பது வீண் பயம். செரிக்காமல் மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் அடிக்கடி விழுங்கிய சிறு பிள்ளைகளுக்குக் குடல் அடைத்துக்கொண்டதும் உண்டு. ஆகவே துப்பத் தெரியாத வயதில் கொடுக்கவே வேண்டாம். கரைந்த சீனி பல்லைச் சொத்தையாக்கும். சீனி சேராததே நல்லது. தலைமுடியில் ஒட்டிக்கொண்டால் கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். தேங்காய் எண்ணெயைத் தேய்த்து மெல்ல உருவுங்கள். தண்ணீருக்கு மசியாத பிசின் எண்ணெய்க்கு மசியும்.

அடுத்த முறை பிள்ளை சுவிங்கம் கேட்டால் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களின் உழைப்பில்தான் அந்த மிட்டாய் உலகம் சுற்றியது என்பதை அவனும் தெரிந்துகொள்ளட்டும்.