மறையூரில் வீடு கட்டுவோர் கவனத்திற்கு: குளிர் காய எது சிக்கனம்?

தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெறும் தொழிலாளி லயன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பிராவிடண்ட் பண்டையும் கிராஜுவிட்டியையும் போட்டு மறையூர், காந்தல்லூர் பக்கம் சிறு வீடு கட்டிக் குடியேறுவோர் உண்டு. சேமிப்பு முழுவதும் அதிலேயே கரைந்துவிடுகிறது. பிறகு மாதந்தோறும் கரண்டுக்கும் விறகுக்கும் அழ முடியாது. ஆகவே, குளிருக்கு என்ன செய்வது என்பதை அஸ்திவாரம் போடும் முன்பே யோசிப்பது நல்லது.

மூணாறில் சில ஜனவரி மாதங்களில் புல்வெளி உறைபனியால் வெளுத்துவிடும். அதைவிடத் தாழ்வான மறையூரில் அவ்வளவு கடுமை இல்லை. மழை மறைவுப் பகுதியாதலால் பகலில் நல்ல வெயில் அடிக்கும், குளிர் இரவில்தான். மேல்நாடுகளைப் போல வீடு முழுவதும் குழாய் ஓட்டிச் சூடேற்ற வேண்டிய அவசியம் இங்கில்லை.

வீட்டின் அமைப்பு

மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. பெரிய ஜன்னலைத் தெற்குப் பக்கம் வைத்தால் வெயில் உள்ளே விழும். கனமான சுவரும் தரையும் அந்தச் சூட்டை வாங்கி இரவில் மெல்ல விடும். தகரக் கூரையோ பொழுது சாய்ந்ததும் குளிர்ந்துவிடும். அதற்குக் கீழே மச்சு அடிப்பது அவசியம். கதவு, ஜன்னல் இடுக்குகளையும் அடைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரே தடவைதான்.

வெந்நீருக்குச் சூரியன்

நூறு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் வேண்டும். கீசரில் தினமும் இப்படிச் செய்தால் மாதம் 90 யூனிட். மறையூர் வெயிலுக்குச் சூரிய வெந்நீர்க் கலம் இந்த வேலையைப் பெரும்பாலான நாட்களில் இலவசமாகச் செய்துவிடும். தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும், மரநிழல் படக்கூடாது.

மின்சாரமா, விறகா?

2,000 வாட் ஹீட்டர் இரவில் 4 மணி நேரம் இடைவிடாது எரிந்தால் 8 யூனிட். மாதம் 240 யூனிட். கேரள மின்வாரியக் கட்டணத்தில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த வீதம் என்பதை மறக்கக்கூடாது. சூடும் குளிரும் தரும் ஏ.சி. யந்திரம் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே தருவதால், அதே சூட்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆனால் விலை அதிகம். வருடத்தில் இரண்டு மாதக் குளிருக்கு அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பலருக்கு ஒரே அறைக்கு ஒரு சிறு ஹீட்டரும் நல்ல கம்பளியும் போதும்.

இவ்வூர் ஆலைகளில் கரும்புச் சக்கையைக் காயவைத்து எரித்தே வெல்லம் காய்ச்சுகிறார்கள். வீட்டுச் சமையலுக்கும் விறகுதான் என்றால், புகைபோக்கியுள்ள புகையில்லா அடுப்பையே கட்டுங்கள். விறகு குறையும், பெண்களின் கண்ணும் நெஞ்சும் தப்பும். சமையலறையை ஒட்டிப் படுக்கையறை இருந்தால் அடுப்புச் சுவரின் சூடு அங்கும் கிடைக்கும்.

உயிருக்கு ஆபத்து

கதவை அடைத்துக்கொண்டு கரிச்சட்டியில் கணப்பு மூட்டிப் படுக்கும் பழக்கம் அறவே கூடாது. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ள, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். இடுக்குகள் அடைத்த புது வீட்டில் இந்த ஆபத்து பழைய ஓட்டு வீட்டைவிட அதிகம். ஆகவே கணப்புச் சட்டி வாசலோடு நிற்கட்டும்.