பல் பிடித்து மலையேறும் புகைவண்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்கு இருப்புப் பாதை வழியே 46 கிலோமீட்டர். இந்தத் தூரத்தைக் கடக்க மலை ரயில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பேருந்தில் சென்றால் அதில் பாதி நேரம் போதும். நம் நாட்டில் மிக மெதுவாகச் செல்லும் பயணிகள் ரயில் இதுதான் என்று சொல்வார்கள். அப்படியிருந்தும் இதில் ஓர் இடம் பிடிக்க வெகு நாள் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. 1999-இல் டார்ஜிலிங் மலை ரயிலுக்குக் கிடைத்த அதே பெருமை ஆறு ஆண்டுகளில் நம் நீலகிரிக்கும் வந்து சேர்ந்தது.

சென்ற காலாண்டு விடுமுறையில் நாங்கள் தோழியர் நால்வர் இந்த வண்டியில் சென்று வந்தோம். எங்களுடன் துணைக்கு வந்தவர் ஒரு தோழியின் தந்தை. அவர் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டராக வேலை பார்ப்பவர். ஆகவே மற்றவர்கள் குரங்கையும் அருவியையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் இஞ்சினைப் பார்க்கும்படி ஆயிற்று. மாமா விடவில்லை என்பதுதான் உண்மை! இயற்கைக் காட்சிகளைப் பற்றி இம்மலரில் முன்னரே பலர் எழுதியிருப்பதால் நான் இஞ்சினைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. மற்ற ரயில்கள் ஏறாத மலையில் இது மட்டும் எப்படி ஏறுகிறது?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் மிக எளிதாக உருளும். உராய்வு குறைவாக இருப்பதால்தான் ஓர் இஞ்சின் அத்தனை பெட்டிகளை இழுக்க முடிகிறது. ஆனால் சமவெளியில் நன்மையாக இருக்கும் இதே குணம் மலையில் தீமையாகி விடுகிறது. ஏற்றம் மிகுந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், மிகச் செங்குத்தான இடங்களில் 12 அடி முன்னே சென்றால் 1 அடி மேலே ஏற வேண்டும். எங்கள் பள்ளி மாடிக்குச் சக்கர நாற்காலி ஏற்றும் சாய்தளமும் ஏறக்குறைய இதே சரிவுதான். அதில் ஒரு நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குப் பல டன் எடையுள்ள வண்டியின் நிலை புரியும்.

இதற்கு வழி கண்டவர் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளரான ரோமன் ஆப்ட் என்பவர். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், அவற்றைவிடச் சற்று உயரமாக, பற்கள் வெட்டிய இரண்டு எஃகுச் சட்டங்களை அருகருகே பதித்தார். இஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரங்கள் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு மேலேறும். ஒரு சட்டம் போதாதா, இரண்டு எதற்கு என்று நான் கேட்டேன். மாமா தம் இரு கைகளின் விரல்களையும் விரித்து, ஒரு கையைச் சற்றே முன்னால் நகர்த்திக் காட்டினார். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்திற்கு நேரே மற்றதில் இடைவெளி இருக்கும். ஆகையால் ஒரு பல் விடுபடும் நேரத்தில் இன்னொரு பல் பிடித்துக்கொண்டிருக்கும். பிடி இல்லாத கணம் என்பதே கிடையாது. எங்கள் பௌதிகப் புத்தகத்தில் பற்சக்கரத்தைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இந்த முறையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியது. 1908-இல் பாதை உதகை வரை நீண்டது. வழியில் 208 வளைவுகள், 16 குகைகள், சிறிதும் பெரிதுமாக 250 பாலங்கள் உள்ளன.

இனி இஞ்சினுக்கு வருவோம். தண்ணீர் கொதித்து ஆவியானால் அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேலாகப் பெருகும். அவ்வளவு பெரிய இடத்தைத் தேடும் ஆவியைச் சிறிய கொதிகலனுக்குள் அடைத்து வைத்தால் அது முட்டி மோதும். அந்த முட்டலைத்தான் உருளைக்குள் விட்டுப் பிஸ்டனைத் தள்ளச் செய்கிறார்கள். சாதாரண நீராவி இஞ்சின்களில் பெரும்பாலும் இரண்டு உருளைகளே இருக்கும். நீலகிரியின் 'எக்ஸ்' வகை இஞ்சினுக்கு நான்கு. பக்கத்திற்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். கீழ் உருளைகள் தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேல் உருளைகள் பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை கீழ் உருளைகள் மட்டுமே வேலை செய்யும். கல்லாற்றில் வண்டி மிக மெதுவாகிப் பற்சட்டத்தின் மேல் பதமாக ஏறுகிறது. அதன் பின், கீழ் உருளையில் ஒரு முறை வேலை செய்து முடித்த ஆவியை வெளியே விடாமல் மேல் உருளைக்கு அனுப்பி மறுபடியும் வேலை வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் அரிசி கழைந்த தண்ணீர் செடிக்குப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் இஞ்சினின் சத்தமே மாறிவிடும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பல் பிடித்துவிட்டது என்று தெரியும்.

மேலேறும்போது இஞ்சின் முன்னால் இருந்து இழுப்பதில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது. பெட்டிகளை இணைக்கும் கொக்கி எங்காவது அறுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பின்னால் இருக்கும் டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது! யானை நின்றாலும் பாறை விழுந்து கிடந்தாலும் முதலில் காண்பவர் முன் பெட்டியின் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான். அவர் கொடி காட்டுகிறார். அதைக் கண்டு டிரைவர் வண்டியைச் செலுத்துகிறார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. இஞ்சின் ஊதலைக் கேட்டு அவரவர் பெட்டியின் பிரேக்கைப் போடவும் விடவும் வேண்டும். மழையானாலும் பனியானாலும் அவர்களுக்கு அந்தத் திறந்த மேடைதான். இந்த வண்டியைப் படம் எடுக்கும் ஆயிரம் பேரில் ஒருவராவது அவர்களைப் படம் எடுக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. நாங்கள் இறங்கித் தேநீர் குடித்தோம். அப்போது தோழி ஒருத்தி, "இவ்வளவு பேர் பாடுபட்டு, இவ்வளவு செலவு பண்ணி, ஊட்டிக்குப் போக அஞ்சு மணி நேரமா? ஒரு இஞ்சினைக் கண்ணாடிக்குள்ள வெச்சுட்டு டீசல் வண்டி விட்டா ஆகாதாடி?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். டிக்கெட்டில் வரும் பணம் செலவுக்குப் போதாது என்பது எல்லோரும் அறிந்தது. மழை பெய்தால் மண் சரியும். 2009 நவம்பர் மாதத்துப் பெருமழையில் நிலச்சரிவு ஏற்பட்டு, பாதை சிதைந்து, பல மாதங்கள் வண்டியே ஓடவில்லை. நம் நாட்டில் சித்தரஞ்சன் தொழிற்சாலை நீராவி இஞ்சின் கட்டுவதை 1972-லேயே நிறுத்திவிட்டது. பின் எதற்கு இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

இதே கேள்வி வேறு நாட்டிலும் எழுந்திருக்கிறது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் தாலிலின் என்னும் சிறிய ரயில் பாதை உண்டு. கற்பலகை ஏற்றிச் செல்வதற்காக 1860-களில் போடப்பட்டது. 1950-இல் அதன் உரிமையாளர் இறந்ததும் மூடிவிடும் நிலை வந்தது. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் சங்கம் அமைத்து, 1951 முதல் ஊதியம் இல்லாமல் தாங்களே ஓட்டினார்கள். உலகில் தொண்டர்களால் காப்பாற்றப்பட்ட முதல் ரயில் அதுவே. இப்போது அந்நாட்டில் இத்தகைய பாதைகள் பல. சில வார இறுதி நாள்களில் விழா எடுத்து, கொட்டகையில் உள்ள இஞ்சின்களை எல்லாம் வெளியே கொண்டுவந்து, வேறு ஊர் இஞ்சின்களையும் விருந்தாளியாக அழைத்து ஓட்டுகிறார்கள். நம்மூர்த் தேரோட்டம் போலக் கூட்டம் கூடுமாம். ஆனால் அந்த இரண்டு நாள் விழாவுக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் எண்ணெயும் கரியும் படிந்த கைகள் இருக்கின்றன. பத்து ஆண்டுகள் ஓடிய இஞ்சினைக் கொதிகலன் வரை கழற்றிப் பழுது பார்த்தால்தான் அங்கே மீண்டும் ஓட்ட முடியும்.

தோழியின் கேள்விக்கு மாமா உடனே விடை சொல்லவில்லை. வண்டி புறப்பட்ட பிறகு, "கண்ணாடிக்குள்ள வெச்ச இஞ்சினுக்கு யாரும் பிட்டர் ஆக வேண்டியதில்லைம்மா. தாள்ல அளவு இருக்கும். கைப்பழக்கம் தாள்ல இருக்காது. ஒரு தலைமுறை செய்யாம விட்டா, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது," என்றார்.

அவர் சொன்னது எத்தனை உண்மை என்பதற்கு நீலகிரி இஞ்சின்களே சான்று. 'எக்ஸ்' வகை இஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914 முதல் 1952 வரை சிறிது சிறிதாகக் கட்டி அனுப்பப்பட்டவை. அவை தேய்ந்து போனபோது புதியவை தேவைப்பட்டன. 2011 முதல் நம் பொன்மலைப் பட்டறையிலேயே புதிய நீராவி இஞ்சின்களைக் கட்டினார்கள். அவை எண்ணெயில் எரிபவை. 2021-இல் நிலக்கரியில் எரியும் இஞ்சின் ஒன்றும் அங்கேயே கட்டி முடிக்கப்பட்டது. உலகம் முழுவதும் நீராவி இஞ்சினை மறந்துவிட்ட காலத்தில், திருச்சியில் அதைப் புதிதாகக் கட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். காரணம், அதுவரை அவர்கள் பழையதைப் பழுது பார்ப்பதை நிறுத்தவில்லை. பள்ளிக்கு வரும் வழியில் நான் தினமும் அந்தப் பட்டறையின் சங்கொலியைக் கேட்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று இதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை.

எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது எண்ணெய் இஞ்சின். கரி அள்ளிப் போடுவதைப் பார்க்க ஆசைப்பட்ட தோழிக்கு அது பெரிய ஏமாற்றம். காட்டில் தீப்பொறி விழாமல் இருக்க எண்ணெயே நல்லது என்று மாமா சமாதானம் சொன்னார். அவள் சமாதானம் ஆகவில்லை.

குன்னூரில் இஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். அங்கிருந்து உதகை வரை ஏற்றம் குறைவு, பற்சட்டம் கிடையாது. டீசல் இஞ்சின் வந்து மாட்டிக்கொண்டது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் வரிசையாக வந்தன. 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி எடுத்த நிலையம் கேத்தி என்று சொன்னதும் பெட்டியில் இருந்த பெரியவர்கள் அனைவரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் மட்டும் குன்னூர்க் கொட்டகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு பெரியவர் இஞ்சினுக்கு அடியில் படுத்து, பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் எங்களைவிட ஐந்தாறு வயதே மூத்த ஓர் அண்ணன் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறிது நேரம் கழித்துப் பெரியவர் வெளியே வந்து விளக்கை வாங்கிக்கொண்டார். அண்ணன் உள்ளே போனார்.