ஏடிஎம் அட்டையை வாடகைக்குக் கொடுத்தால் வழக்கு யார் மீது?

ஸ்கூடாய் – பயன்படுத்தாமல் கிடக்கும் வங்கிக் கணக்கைக் கொடுத்தால் சில நூறு வெள்ளி கிடைக்கும் என்று ஆசை காட்டும் தகவல்கள் புலனத்திலும் டெலிகிராமிலும் சுற்றுகின்றன. பல்கலைக்கழக மாணவர்களும், சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருபவர்களும் நிறைந்த ஸ்கூடாய் போன்ற இடத்தில், மாதக் கடைசியில் இந்தப் பேச்சு எடுபடுவதில் வியப்பில்லை. பணம் எதையும் கட்டச் சொல்வதில்லை என்பதால் இதை மோசடி என்றே பலர் நினைப்பதில்லை.

மலாயில் இதற்கு ‘அக்காவுன் கெல்டாய்’ என்று பெயர்; தமிழில் கழுதைக் கணக்கு. போலீஸ் அதிகாரி என்றும் வருமான வரி அலுவலகம் என்றும் சொல்லி ஒருவரை மிரட்டும் கும்பல், அவரது பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை. வாடகைக்கு எடுத்த கணக்கில்தான் அது முதலில் விழும். சில நிமிடங்களில் அங்கிருந்து வேறு பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். ஏமாந்தவர் புகார் செய்யும்போது அவரிடம் இருப்பது ஒரே ஒரு பெயர்தான்: அட்டையைக் கொடுத்தவரின் பெயர். கும்பல்காரனை யாரும் பார்த்ததில்லை.

அதனால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். அவரது கணக்கு முடக்கப்படலாம். அதே கணக்கில்தான் சம்பளமும் வருகிறது என்றால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஏமாந்தவர் வேறு மாநிலத்தில் இருந்தால், விசாரணைக்கும் வழக்குக்கும் அங்கே அலைய வேண்டி வரலாம். கைக்கு வந்த சில நூறு வெள்ளி பேருந்துக் கட்டணத்துக்கே சரியாகிவிடும்.

2024இல் குற்றவியல் சட்டத்தில் 424ஏ முதல் 424டி வரையிலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சட்டப்படியான காரணமின்றி அடுத்தவரின் கணக்கையோ அட்டையையோ வைத்திருப்பதும், தன்னுடையதை இன்னொருவரிடம் ஒப்படைப்பதும் இப்போது தனிக் குற்றங்கள். அபராதம் மட்டுமல்ல, சிறையும் உண்டு. தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்ற பேச்சு எளிதில் எடுபடாது. சிங்கப்பூரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அங்கும் 2023இல் சட்டம் இறுக்கப்பட்டது, சிங்பாஸ் விவரங்களை மோசடிக்காரர்களுக்குக் கொடுப்பதும் குற்றமாகிவிட்டது.

எல்லாரும் காசுக்காகக் கொடுப்பதில்லை. கடன் தருகிறோம், அடமானமாக ஏடிஎம் அட்டையும் பின் எண்ணும் வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வட்டிக்காரரிடம் அட்டையை விட்டு வைப்பது தோட்டப்புறங்களில் பழைய வழக்கம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தவறாகவே படாது. உரிமம் பெற்ற வங்கி எதுவும் பின் எண்ணைக் கேட்காது.

இன்னொரு வழி அடையாள அட்டை. வேலை விளம்பரத்தைப் பார்த்து மைகார்ட்டின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்புபவர்கள் பலர். நேர்முகத் தேர்வு கூட நடக்காத இடத்துக்கு அதை அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எண்ணை மறைக்காமல் நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுப்பது நல்லது. தன் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்பதை பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் இணையச் சேவையில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன், அந்தக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போலீஸ் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதில் பெயர் இல்லை என்பதாலேயே கணக்கு நல்லது என்றாகிவிடாது. இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் பொருள்.

அட்டையை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே வங்கியை அழைத்து அதை முடக்கச் சொல்லி, போலீஸ் புகாரும் செய்ய வேண்டும். தயங்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் இன்னும் யாருடைய பணமாவது விழலாம்.

பணத்தை இழந்தவர்கள் உடனே தங்கள் வங்கியையோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் தடுப்பதுதான் அதன் வேலை என்பதால், குடும்பத்தாரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து மறுநாள் அழைத்தால் பெரும்பாலும் பயனிருக்காது. 997 பொதுமக்களின் அழைப்பைப் பெறுவதற்கான எண். அந்த மையத்திலிருந்து பேசுகிறோம் என்று யாராவது தாமாக அழைத்தால், பதில் பேசாமல் துண்டித்துவிடலாம்.