உங்களுக்குத் தெரியுமா? ‘டெபாசிட் காலி!’

ஒரே தொகுதியில், ஒரே தேர்தலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெபாசிட் இழந்தது தமிழ்நாட்டில்தான்! 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் கோரிக்கைகளை நாடு கவனிக்க வேண்டும் என்று விவசாயிகள் திரண்டு வந்து வேட்புமனு போட்டதன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது.

● ஊரறியத் தோற்றுப்போனால் ‘டெபாசிட் காலி’, ‘டெபாசிட் போச்சு’ என்கிறோம். தியேட்டரில் படுத்துவிட்ட படத்துக்கும், படுதோல்வி கண்ட கிரிக்கெட் அணிக்கும் இதே பேச்சுதான்.

● செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான், வேட்புமனுவோடு கட்டிய டெபாசிட் பணம் தோற்றவருக்குத் திரும்பும். சரியாக ஆறில் ஒரு பங்கு வாங்கினாலும் போதாது. ‘நோட்டா’ வாக்குகள் இந்தக் கணக்கில் சேராது. வென்றவர் எவ்வளவு குறைவாக வாங்கியிருந்தாலும் டெபாசிட் பறிபோகாது.

● பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள், வேறு வேறு தொகை! இராஜபாளையம் பொதுத் தொகுதி. சட்டமன்றத் தேர்தலுக்குப் பொதுவாக டெபாசிட் 10,000 ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. அங்கே பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடலாம்; அவர்களுக்குப் பாதி என்பதால் 5,000 ரூபாய்தான். இரண்டும் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதியே. அங்கே 12,500 ரூபாய்.

● 1996 தேர்தல் வரை சட்டமன்றத்துக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதே ஆண்டில் அது 5,000 ஆனது; இன்றைய 10,000 அதற்குப் பிறகு வந்தது.