வறண்ட வழிக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

மலைநாட்டில் பிறந்த எமக்குத் தண்ணீரைச் சுமந்து செல்லும் பழக்கம் குறைவு. எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் ஒரு சிறிய போத்தலில் சாயத்தண்ணீர் மட்டுமே கொண்டு போவார்கள். தாகமெடுத்தால் மலையோரத்தில் எங்கோ ஒரு பீலி விழுந்துகொண்டிருக்கும். ஆனால் இந்தப் பழக்கத்தோடு சமவெளியில் இறங்குவது ஆபத்து என்பதைக் கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் என் நானா கற்றுக்கொண்டார்.

நானாவும் இரு நண்பர்களும் பதுளையிலிருந்து மட்டக்களப்பிலுள்ள மாமி வீட்டுக்குச் சைக்கிளில் புறப்பட்டார்கள். பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா ஊடாகச் செங்கலடிக்குச் செல்லும் ஏ5 வீதிதான் அவர்களது பாதை. முதல் நாள் பிபிலையில் தங்கினார்கள். மறுநாள் மகாஓயாவில் பிளேன்டீ குடித்தவர், "அடுத்த கடையில் நிரப்பிக்கொள்ளலாம்" என்று வெறும் போத்தலோடு சைக்கிளில் ஏறிவிட்டார். அதற்கப்பால் வீடுகள் குறைந்தன. திறந்திருந்த கடை ஒன்றும் கண்ணில் படவில்லை. நண்பர்களிடம் இருந்த மிச்சமும் ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்தது. புல்லுமலையை அடையுமுன் நானாவுக்குத் தலை சுற்றி, அந்த வெயிலிலும் உடம்பு சிலிர்த்தது. லேண்ட்மாஸ்டரில் வந்த விவசாயி ஒருவர் நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்திராவிட்டால் என்ன நடந்திருக்குமோ! அல்ஹம்துலில்லாஹ், தப்பினார்.

"எனக்கு அவ்வளவு வியர்க்கவே இல்லையே" என்று நானா திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையில் வியர்த்திருக்கிறது, அது தெரியவில்லை. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்குப் பக்கம் இறங்கும்போது அமுக்கம் கூடுவதால் சூடாகி வறண்டுவிடுகிறது. கிழக்கில் இதனைக் கச்சான் காற்று என்பார்கள். இந்தக் காற்றில் வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் உடம்பு நீர் இழப்பதை நாம் உணர்வதில்லை.

வெப்பத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் உடம்பு மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை, சிலவேளை அதைவிடவும் கூடுதலாக நீரை இழக்கும். எனவே "எத்தனை கிலோமீற்றர்?" என்று கேட்பதைவிட, "அடுத்த நம்பகமான தண்ணீருக்கு எத்தனை மணித்தியாலம்?" என்று கேட்பதே சரி. ஒரே இருபது கிலோமீற்றர் இறக்கத்தில் ஒரு மணித்தியாலம். எதிர்க்காற்றில் இரண்டு மணித்தியாலம். மூன்று மணி நேர வழிக்கு மணிக்கு முக்கால் லீற்றர் வீதம் இரண்டேகால் லீற்றர். டயர் வெடித்து நிற்க நேர்ந்தால் என்று இன்னும் முக்கால். ஆக மூன்று லீற்றர். நானா கொண்டு போனதோ ஒரு முக்கால் லீற்றர்ப் போத்தல்!

மூன்று லீற்றர் நீர் மூன்று கிலோ எடை. அதை முதுகில் சுமந்தால் தோள் வலிக்கும், முதுகும் வேகும். சைக்கிள் சட்டத்தின் நடுவே இரு போத்தல்களைத் தாழ்வாகப் பொருத்தி, மீதியைப் பின் கரியரின் இருபுறமும் சமமாகக் கட்டினால் வண்டி தள்ளாடாது. ஒரே பெரிய கலனைவிடப் பல போத்தல்கள் நல்லவை. ஒன்று ஒழுகினாலும் மற்றவை மிஞ்சும்.

தாகம் வரும்வரை காத்திராமல் கால் மணிக்கொரு தடவை சில மிடறு குடிக்க வேண்டும். அதற்காக வெறும் நீரையே அளவுமீறிக் குடிப்பதும் கூடாது. இரத்தத்திலுள்ள உப்பின் செறிவு குறைந்து மயக்கம் வரலாம். நீண்ட பயணத்தில் ஜீவனிப் பைக்கற்றுகளை வைத்திருங்கள். இல்லையேல் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை என்று பொருள். பேச்சுத் தடுமாறினால் பயணத்தை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வழியில் குளங்கள் உண்டே எனலாம். மாலையில் அங்கே யானைகளும் வரும். தவிர, கண்ணுக்குத் தெளிவான நீரெல்லாம் குடிநீரல்ல. எமது மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பகுதியில் சிறுநீரக நோயால் எத்தனையோ விவசாயக் குடும்பங்கள் துன்பப்படுகின்றன. அங்கே கிணற்று நீர்மீதே மக்களுக்கு ஐயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்துள்ள உப்புகளும் இரசாயனங்களும் போகா.

"இனிச் சைக்கிளே வேண்டாம்" என்றுதான் உம்மா முதலில் சொன்னார். நானும் நானாவும் கொப்பியில் ஊர் ஊராக நேரத்தையும் நீரையும் எழுதிக் காட்டிய பிறகு, மார்ச் மாதத்தில் மறுபடி போக அனுமதித்தார். அன்று சுபஹுக்குப் பிறகு நான்கு போத்தல்களையும் தன் கையாலேயே நிரப்பி, மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தார். இரண்டாம் நாள் அஸருக்கு முன்னரே மாமி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு போத்தலில் பாதி மிச்சமிருந்ததாம்.